பெயரில்லாத சீட்டுக்கு ஜெபமில்லை

786
மேலூர்,
17 ஜனவரி 1938

ஞானம்,

'அன்புள்ள' என்று எழுதக் கை வரவில்லை. மூன்று வருஷம் ஒரே அறையில் படுத்து எழுந்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை கூடவா இல்லை என்று கேட்பாய். இல்லைதான்.

நான் ஹாஸ்டலை விட்டு வந்து ஒன்பது நாள் ஆகிறது. நீ குளிக்கப் போயிருந்த நேரம் பார்த்துத்தான் கிளம்பினேன். என் தலையணை மேல் எவனோ ஓர் எலுமிச்சம்பழம் வைத்திருந்தான். கிறுக்குப் பிடித்தவன் தலையில் தேய்ப்பார்களே, அதற்குத்தான். அதைப் பார்த்த பிறகு அந்த அறையில் எனக்கு என்ன வேலை? பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்கு முந்தின புதன்கிழமை உங்கள் சேப்பலில் நடந்ததை மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். சாரம் ஒன்றுதான். ஜெபப்பெட்டியில் விழுந்த சீட்டுகளைப் பாதிரி ஐயர் ஒவ்வொன்றாக வாசிக்கிறார். ஒருவனுடைய தாயாருக்குச் சுகமில்லை, இன்னொருவனுடைய தகப்பனாருக்கு வேலை போய்விட்டது. அடுத்த சீட்டு, அறை எண் பதினேழு, முகம்மது கனி, மனம் கலங்கிப் போயிருக்கிறார், அவருக்காக ஜெபிக்கவும். இருநூறு பேர் தலை குனிந்து ஆமென் சொல்கிறார்கள். அந்த வாசல்படியை ஒருநாளும் மிதிக்காதவன் பெயருக்கு! பதினேழாம் அறையில் என்னை விட்டால் நீ ஒருவன்தான். எழுதியது யார் என்று நான் போலீஸ் வைத்துத் துப்பறிய வேண்டியதில்லை.

விஷயம் ஹாஸ்டலோடு நின்றிருந்தால் போகட்டும் என்றிருப்பேன். எனக்கு முன்னால் பஸ் ஏறி மேலூருக்கு வந்துவிட்டது. தங்கை ஜெயினம்புக்கு மதுரை முனிச்சாலை ஜவுளிக்கடை பீர் முகமதைப் பேசி முடித்தது உனக்குத் தெரியும். இந்த மாதம் நிச்சயம் என்றிருந்தவர்கள், பக்ரீத் கழியட்டும், பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். "பாக்கலாம்னா பாக்க மாட்டோம்னு அர்த்தம்" என்றார் அத்தா. அம்புட்டுத்தான். நெல் மண்டிக்குக்கூட என்னை வரவேண்டாம் என்கிறார்.

ஏன் செய்தாய்? அதை மட்டும் எழுது.

மு. கனி

---

ஹாஸ்டல், மதுரை,
20 ஜனவரி 1938

அன்புள்ள கனிக்கு,

உன் கடிதத்தை முதல் மணி அடிக்கும்போது வாங்கினேன். பிரிக்கத் துணியாமல் மூன்று பீரியடும் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

சீட்டு எழுதியது நான்தான். ஜெயினம்புவின் காரியம் இப்படி ஆகும் என்று கனவிலும் நினைக்கவில்லை. மன்னித்துக்கொள் என்று எழுதுவது சுலபம். அவ்வளவு சுலபமானதை எழுதவே வெட்கமாயிருக்கிறது.

ஆனாலும் நீ யோசித்துப் பார். தீபாவளி விடுமுறைக்குப் பின் எத்தனை நாள் வகுப்புக்கு வந்தாய்? பகலெல்லாம் போர்வைக்குள் கிடந்தாய். என்ன என்று கேட்டால் வயிற்றுவலி என்றாய். டிஸ்பென்சரிக்கு உன்னை இழுத்துப்போனேன். கம்பவுண்டர் காசிமாயன் ரிஜிஸ்தரில் எழுதிக்கொண்டே, "ரூம் பதினேழு, கனி, வயித்துவலி!" என்று டென்னிஸ் ஆடுகிறவர்களுக்கும் கேட்கும்படி கத்தினார். அன்று அந்த ரிஜிஸ்தரைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் வயிற்றுவலி. அதை யாராவது நம்பினால் நம் சமையற்காரர் நல்லகாமனைப் பிடித்து ஜெயிலில் போட வேண்டியதுதான்.

நமக்குச் சொறி சிரங்கு வந்தால் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறோம். இதை மட்டும் காட்ட மாட்டோம். செவ்வாய்க்கிழமை வருகிற டாக்டர், மனச்சோர்வு உள்ளவர்களும் தயங்காமல் வரலாம் என்று நோட்டீசே ஒட்டியிருக்கிறார். ஆறு மாதத்தில் ஒருவன் போனதில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தால் மைதானத்துக்கே தெரியும். மறுநாள் பட்டப்பெயர் வந்துவிடும். டாக்டரிடம் நீ போக மாட்டாய், கர்த்தரிடமாவது உன் காரியத்தைச் சொல்வோம் என்றுதான் சீட்டு எழுதினேன். உன் நன்மைக்காகத்தான்.

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன். வேண்டாம், விட்டுவிடுகிறேன். பரீட்சைக்கு எட்டு வாரம்கூட இல்லை. திரும்பி வந்துவிடு.

உன்,
ஞானம்

---

786
மேலூர்,
23 ஜனவரி 1938

ஞானம்,

நேற்று ஹாஸ்டலிலிருந்து கிறிஸ்துராஜ் வந்திருந்தான். பாடத்தை ஒப்பிப்பதில் அவன் கிளிப்பிள்ளை என்று உனக்குத் தெரியும். சீட்டில் இருந்ததை முழுக்கச் சொல் என்றேன். தயங்கித் தயங்கிச் சொன்னான். இதுவரை எனக்குச் சொன்னவர்கள் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

'விடியுமுன் விழிப்பு வந்து கிணற்றடியில் போய் நிற்கிறார். சோறு மண்ணாகத் தெரிகிறது. முழந்தாளிட்டால் ஜெபம் வரவில்லை.'

நான் விடியுமுன் விழித்து நீ என்றைக்குப் பார்த்தாய்? நீ காலால் உதைத்தும் எட்டு மணிக்கு முன் எழுந்திருக்காதவன் நான். சுபுஹு தொழுகையை விட்டு எத்தனை மாதம் ஆகிறது என்பது அல்லாவுக்கும் உனக்கும்தான் தெரியும். சோறு மண்ணாகத் தெரிகிறதா? போர்வைக்குள் கிடந்த நாளிலும் நல்லகாமனின் கத்தரிக்காய்க் குழம்பை மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டேன். மேலூரில் எந்தத் துலுக்கன் முழந்தாளிட்டு ஜெபம் பண்ணுகிறான்?

கிணற்றடியில் நின்றது யார், ஞானம்?

மு. கனி

---

ஹாஸ்டல், மதுரை,
27 ஜனவரி 1938

கனி,

நான்தான்.

இதை எழுதிவிட்டுக் காகிதத்தைக் குப்புறப் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுபடி இப்போதுதான் உட்காருகிறேன்.

போன ஆடியிலிருந்து இப்படி இருக்கிறது. காரணம் கேட்காதே, சொல்ல ஒரு காரணமும் இல்லை. யாரும் சாகவில்லை, பரீட்சையில் தோற்கவில்லை. மூன்றரை மணிக்கு விழிப்பு வரும். நீ குறட்டை விட்டுக்கொண்டிருப்பாய். எழுந்து கிணற்றடிக்குப் போவேன். குளிக்க வந்ததாக யாராவது நினைக்கட்டும் என்று தோளில் துண்டைப் போட்டுக்கொள்வேன். அங்கே நின்றுகொண்டு என்ன நினைப்பேன் என்பதை உனக்கு எழுத மாட்டேன். விடிந்ததும் திரும்பி வந்து உன்னை உதைத்து எழுப்புவேன். நான் கடிந்துகொள்ள ஒரு சோம்பேறி பக்கத்துக் கட்டிலில் இருந்தது எனக்கு எவ்வளவு ஆறுதல் என்று உனக்குத் தெரியாது.

யாரிடம் சொல்வேன்? அப்பா உபதேசியார். துக்கமுகமாக இருக்கிற கிறிஸ்தவன் விசுவாசம் கெட்டவன் என்று முப்பது வருஷமாகப் பிரசங்கம் பண்ணுகிறவர். நான் பாஸானால் மிஷன் பள்ளியில் உபாத்தியாயர் வேலை என்று வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். சித்தம் கலங்கினவனிடம் பிள்ளைகளை யார் விடுவார்கள்?

டிசம்பரில் ரொம்ப மோசமாகிவிட்டது. யாராவது எனக்காக ஒரு வார்த்தை ஜெபித்தால் போதும் என்றிருந்தது. பெயர் போடாமல் சீட்டு எழுதிப் போட்டேன். ஐயர் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "பேர் இல்லாத சீட்டுக்கு ஜெபம் இல்லை, தைரியமாப் பேர் எழுதுங்க" என்று ஓரமாக வைத்துவிட்டார். கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து வந்ததும் அதே வரிகளை எழுதிவிட்டுப் பெயருக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. அப்போது உன் நினைப்பு வந்தது. கனியும் படுத்தே கிடக்கிறான், அவனுக்கும் சுகமில்லைதானே, முழுப் பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் சேப்பலுக்கு வராதவன், அவன் காதுக்கு எட்டாது என்றும் நினைத்தேன். ஐயர் வாசித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, இது எனக்கு, இது எனக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன், கனி. அதுதான் எல்லாவற்றிலும் அசிங்கம்.

உன் தலையணையில் இருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து ஜன்னலுக்கு வெளியே எறிந்தேன். எறிகிறபோதும் என்னை ஒருவனும் சந்தேகப்படவில்லை என்று மனசுக்குள் ஒரு நிம்மதி.

வெளியில் இதைச் சொல்ல என்னால் ஆகாது. கேட்காதே. இந்தக் கடிதத்தை எரித்துவிடு.

ஞானம்

---

786
மேலூர்,
30 ஜனவரி 1938

ஞானம்,

எரிக்கவில்லை. எரிக்கவும் மாட்டேன்.

படித்து முடித்ததும் எனக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. அப்பாடா, கிறுக்கன் நான் இல்லை என்ற சந்தோஷம். அதற்கப்புறம் கோபம். அழுதது நீ, அவமானப்பட்டது நானா? பாவம் ஓரிடம், பழி ஓரிடமா?

நேற்று மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் அத்தாவின் மண்டிக்கு வந்தார். உங்க வம்சத்துல முன்னாடி யாருக்கும் இப்புடி உண்டா என்று கேட்டாராம். அத்தா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் அத்தா கதவைச் சாத்தி நான் பார்த்ததில்லை.

வருகிற புதன்கிழமை அதே சேப்பலில் எழுந்து நின்று அது உன் சீட்டு என்று சொல். பக்ரீத்துக்குள் முனிச்சாலைக்குச் செய்தி எட்ட வேண்டும். நீ சொல்லாவிட்டால் உன் கடிதத்தை நானே அங்கே கொண்டுபோய்க் காட்டுவேன். சிநேகிதன் என்று பார்த்தால் என் தங்கை வீட்டோடு இருக்க வேண்டியதுதான்.

கிணற்றடிக்குப் போகாதே. இதைக் கோபத்தில் எழுதவில்லை.

மு. கனி

---

ஹாஸ்டல், மதுரை,
10 பிப்ரவரி 1938

அன்புள்ள கனிக்கு,

சொல்லிவிட்டேன். கிறிஸ்துராஜ் மூலம் உனக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் நானே எழுத வேண்டும்.

ஐயர் கடைசிச் சீட்டை மடித்து வைத்ததும் எழுந்தேன். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "போன மாசம் வாசிச்ச சீட்டு என்னைப் பத்துனது. முகம்மது கனிக்கு ஒரு சீக்கும் இல்ல. நான்தான் பேரை மாத்தி எழுதுனேன்" என்றேன். பேச வேண்டியதை இரண்டு நாளாக நல்ல தமிழில் எழுதி மனப்பாடம் பண்ணியிருந்தேன். வந்தது இம்புட்டுத்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஐயர் ஒரு கீர்த்தனை பாடச் சொன்னார். இருநூறு பேரும் பாடினார்கள். நான் நின்றுகொண்டேயிருந்தேன், எப்போது உட்காருவது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை அப்பா கள்ளிக்குடியிலிருந்து வந்தார். வார்டன் எழுதியிருந்தார். மரத்தடியில் என்னை உட்காரவைத்து, ரொம்ப நேரம் குடையின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "ஊர்ல கேப்பாக. டைபாய்டுன்னு சொல்லட்டுமா?" என்றார். சரி என்றேன். அவர் முகத்தில் எவ்வளவு ஆறுதல்! டைபாய்டு வந்த பிள்ளையைப் பெற்றவராக அவர் பஸ் ஏறிப் போனார். உபாத்தியாயர் வேலை விஷயமாகக் கேட்டதற்குப் 'பார்க்கலாம்' என்றார்களாம். உன் அத்தாதான் அதற்கு அர்த்தம் சொல்லியிருக்கிறாரே.

இனி மறைக்க எதுவும் இல்லாததால் செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கப் போனேன். தைரியசாலி என்று நினைத்துவிடாதே. பெஞ்சில் நான் ஒருவன்தான். டென்னிஸ் ஆட்டம் நின்றது. காசிமாயன் ரிஜிஸ்தரை விரித்து, "என்னன்னு எழுத?" என்றார். மனசு சரியில்லை என்று எழுதுங்கள் என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதினார். முதல்முறையாக அவர் கத்தவில்லை.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லவில்லை. "எம்புட்டு நாளாத் தூக்கம் இல்ல?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் இதை ஒருவரும் கேட்டதில்லை. நான் அழுதுவிட்டேன். இது ஒரு நோய், இதற்குப் பெயர் உண்டு, விசுவாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, வாரா வாரம் வா என்றார். சீக்கிரம் குணமாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. ஒரு மருந்தும் கொடுத்தார். இன்றைக்கும் விடியுமுன் விழிப்பு வந்தது. கிணற்றடிக்குப் போகவில்லை. வைகைப் பக்கம் நடந்துவிட்டு வந்தேன்.

ஒரு வேடிக்கை. நேற்று மூன்று பேர், ஒருவருக்கொருவர் தெரியாமல் என்னிடம் வந்தார்கள். டாக்டர் என்ன கேட்பார், கதவைச் சாத்திக்கொண்டு பேசுவாரா என்று விசாரித்தார்கள். "எனக்கு இல்லண்ணே, என் சிநேகிதன் ஒருத்தனுக்கு" என்று மூன்று பேருமே சொன்னார்கள். அந்தச் சிநேகிதன் யார் என்று கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

ஜெயினம்புவின் காரியம் நல்லபடியாக முடியட்டும்.

உன்,
ஞானம்

---

786
மேலூர்,
16 பிப்ரவரி 1938

அன்புள்ள ஞானத்துக்கு,

ஞாயிற்றுக்கிழமை நிச்சயம் நடந்தது. முனிச்சாலையிலிருந்து இரண்டு கார் நிறைய வந்தார்கள். வெற்றிலை மாற்றி முடித்துப் பிரியாணிக்கு உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் மாமு என் முதுகில் தட்டினார். "கிறுக்கு அந்த வேதக்காரப் பயலுக்குத்தானாம்ல. நம்ம புள்ளைக்கு ஒண்ணுமில்ல. என்னா மாப்ள?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். உதட்டால் இல்லை, சத்தமாகவே சிரித்தேன். இன்னும் கொஞ்சம் கறி போடுங்க மாமு என்று தட்டையும் நீட்டினேன்.

நீ சேப்பலில் சொன்னதில் ஒரு பொய் இருந்தது. எனக்கு ஒரு சீக்கும் இல்லை என்றாய். உனக்குத் தெரியும், நீ பக்கத்துக் கட்டிலில் இருந்தவன். நான் விடியுமுன் விழிப்பதில்லை, ஏனென்றால் விழிக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டுக்கு வந்தபின் ஒரு புஸ்தகத்தையும் பிரிக்கவில்லை. அம்மா கட்டிய தாயத்தோடு சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடக்கிறேன். கத்தரிக்காய்க் குழம்பு என்று பெரிதாக உனக்கு எழுதினேனே, அது எனக்கு ஒன்றுமில்லை என்று எனக்கே காட்டிக்கொள்ளத் தின்றது. உன் தலையில் இரண்டு பேர் பாரத்தையும் ஏற்றிவிட்டுத்தான் நான் அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன்.

அன்று மாலையே அத்தாவிடம் சொன்னேன். எனக்கும்தான் அத்தா, நானும் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று. "நிக்காஹ் முடியட்டும். அதுவரைக்கும் வாயைத் தொறந்த, நான் உசுரோட இருக்க மாட்டேன்" என்றார். இதைக் கேட்டுக்கொண்டு ஜெயினம்பு உள்ளே இருந்திருக்கிறாள். மறுநாள் காப்பி கொண்டு வந்தவள் டம்ளரை வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"அண்ணே, எனக்காண்டி அந்த அண்ணன் பேரு மட்டும் நாறணுமா?"

"உன் கல்யாணத்துக்குத்தான், கழுதை" என்றேன்.

"நாளைக்கு எனக்கே இப்புடி வந்துச்சுன்னா, மறைச்சுக் கட்டிக்கிட்டுப் போன வீட்ல நான் யார்ட்டண்ணே போயிச் சொல்லுவேன்?"

நேற்று அத்தாவுக்குத் தெரியாமல் பஸ் ஏறி, நேராக முனிச்சாலைக் கடைக்குப் போனேன். பீர் முகமது மல் துணி அளந்துகொண்டிருந்தார். ஆள் இல்லாத நேரம் பார்த்து, அந்தச் சீட்டு என்னைப் பற்றியதும்தான் என்றேன். கஜக்கோலைக் கீழே வைக்காமலே, "ஜெயினம்புக்குத் தெரியுமா?" என்று கேட்டார். அவள்தான் அனுப்பினாள் என்றேன். "அப்ப சரி. எங்க வாப்பாட்ட மட்டும் சொல்லாதீக மச்சான்" என்றார். நல்ல மனுஷர். ஆனால் அவரும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. நீ அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்திருப்பாய். அங்கிருந்து ஹாஸ்டல் எம்புட்டுத் தூரம்? குதிரைவண்டிக்காரனிடம் இடம்கூடச் சொல்லிவிட்டேன். அப்புறம் பந்தியில் நான் சிரித்த சத்தம் எனக்கே கேட்டது. வண்டியை பஸ் நிற்கிற இடத்துக்கு விடச் சொன்னேன். உன் முகத்தில் விழிக்க எனக்கு முகம் இல்லை.

வருகிற செவ்வாய்க்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். அத்தாவிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன், அடித்தால் அடிக்கட்டும். டாக்டரைப் பார்க்க வேண்டும். என் கூட உட்கார் என்று உன்னைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. நேரத்தை மட்டும் எழுது.

வெட்கத்துடன்,
கனி

---

ஹாஸ்டல், மதுரை,
18 பிப்ரவரி 1938

அன்புள்ள கனி,

நீ சிரித்தது எனக்கு வலிக்கிறது. இல்லை என்று எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். நேரில் வந்தபின் அதற்காக உன்னிடம் சண்டை போடுவேன். உன் பெயரைத் திருடினதற்கு நீயும் என்னிடம் போடு.

டாக்டர் முதல் பஸ் நேரத்துக்கு வருவதில்லை. செவ்வாய் நாலு மணிக்கு. நீ மூன்றரைக்கே வந்துவிடு. போன செவ்வாய்க்கிழமை நான் போனபோது பெஞ்சில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு இடம் இல்லை, நின்றுகொண்டுதான் இருந்தேன்.

உன்,
ஞானம்